கிடைக்காத பாடலைக் கேட்டுப் பாருங்கள்

புறநானூற்றின் 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்களும் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் சுவடிகளிலேயே அகப்படவில்லை. தமிழ் பயின்றோர் அறிந்த பழைய செய்திதான். ஆயினும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் செயற்கை நுண்ணறிவு மொழிக்கருவிகளை வாங்கத் தலைப்பட்டிருக்கும் இவ்வேளையில், இந்த வெற்றிடங்களே நம் கையிலுள்ள நல்ல உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோதனை மிக எளிது. கருவியிடம் புறநானூறு 267 ஆம் பாடலை உரையுடன் கேட்க வேண்டும். சென்ற பருவத்தில் நான் அவ்வாறு கேட்ட ஒரு கருவி சற்றும் தயங்கவில்லை. ஆசிரியப்பா போன்ற ஒன்பது அடிகள், திணை, துறை, பாடிய புலவர் பெயர், பொழிப்புரை என அனைத்தையும் வரிசையாகத் தந்தது. வேறொரு கருவி இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாடல் கிடைக்கவில்லை என ஒரே வரியில் விடை கூறியது. இரண்டிற்கும் சந்தாத் தொகையில் பெரிய வேறுபாடில்லை. தமிழ்த்துறைக்கு உரியது எது என்பதில் ஐயத்திற்கும் இடமில்லை.

முதற்கருவி பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணிச் சொல்லவில்லை. இவற்றின் அடிப்படை வேலை, முன்வந்த சொற்களுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணிப்பது. சங்கப்பாடலின் சாயலில் சொற்களை அடுக்க அதற்குத் தெரியும். அப்பாடல் உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. தமிழ்ச்சொற்களை இக்கருவிகள் ஆங்கிலச் சொற்களைவிடக் கூடுதலான துண்டுகளாகப் பிரித்தே கையாளுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். துண்டுகளை எண்ணிக் கட்டணம் விதிக்கும் இடங்களில் ஒரே அளவு கருத்துக்கு நாம் கூடுதல் விலை தருகிறோம். ஆங்கிலத்தில் நடக்கும் செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு விலைப்புள்ளிகளை ஒப்பிடும் கொள்முதல் குழுவினர்க்கு இவை எவ்வாறு தெரியவரும்? அக்குழுவில் தமிழாசிரியர் ஒருவரேனும் அமர வேண்டும். (அழைப்பு வராவிட்டாலும் போய் அமரலாம் என்பது என் தாழ்மையான கருத்து.)

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று விட்டார். சிதைந்த அடிகளைச் சிதைந்தபடியே அச்சிட்டார். அந்த இடங்களை நிரப்பும் தமிழ்ப்புலமை அவருக்கு இல்லாமலா போயிற்று? நிரப்பியிருந்தால் இன்று எது பழம்பாட்டு, எது ஐயர் பாட்டு எனப் பிரித்தறிவது அரிதாகியிருக்கும். ஆய்வேடுகளில் இன்று நுழையக்கூடிய இடர் இதுவே. ஒரு மாணவர் இல்லாத பாடலை மேற்கோள் காட்டுவார். ஆய்வேடு இணையத்தில் ஏறும். அடுத்த மாணவர் அதனை எடுத்தாள்வார். நாளைய கருவி அதனையே கற்கும்.

இதற்கு மருந்தாகச் சிலர் கண்டறியும் மென்பொருளை நாடுகின்றனர். அதில் எனக்கு உடன்பாடில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பேசுவது உரை ஒப்புமை விழுக்காட்டைப் பற்றி. அங்கே மூலத்தை எடுத்து அருகில் வைத்துக் காட்டலாம். எந்திரம் எழுதியதா என்ற கணிப்பில் காட்டுவதற்கு மூலமே கிடையாது. ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறிகருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய தோஃபல் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் எந்திர எழுத்தெனத் தவறாகக் கூறியதைக் காட்டினர். ஆங்கிலத்திற்கே இந்நிலை. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் மாணவி ஒருவர், ஒரு விழுக்காட்டு எண்ணை வைத்துக்கொண்டு நடந்த விசாரணையில் நின்றார். அவர் நடை செம்மையாக இருந்ததே குற்றமாயிற்று. எதிரே உட்காரவைத்துப் பத்து நிமிடம் அக்கட்டுரையைப் பற்றிப் பேசவிட்டிருந்தால் போதும், உண்மை தெரிந்திருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனியாதது. நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் களத்தில் பதிவு செய்த ஒப்பாரிகளையும் வாழ்க்கைக் கதைகளையும் எழுத்துருவாக்க, இலவசக் கருவிகளில் அப்படியே ஏற்றிவிடுகின்றனர். பாடிய மூதாட்டி தம் வீட்டுத் துயரத்தை அம்மாணவரிடம்தான் சொன்னார். அப்பதிவு எங்கே சேமிக்கப்படும், பயிற்சிக்குப் பயன்படுமா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதித்தராத கருவியை, அது எத்துணைத் திறமுடையதாயினும், வாங்கலாகாது.

கருவியே வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆங்கிலக் கட்டுரையொன்றின் சாரத்தை அறியவும், எழுத்துப்பிழை பார்க்கவும் எங்கள் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். எதற்குப் பயன்படுத்தினர் என்பதை முன்னுரையில் எழுதுகிறார்கள். மேற்கோள் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பதிப்பும் பக்க எண்ணும் இருந்தால்தான் நெறியாளர் கையெழுத்து. இதில் நூலகர்தான் சற்றுச் சலித்துக்கொள்கிறார். ஒளவை துரைசாமிப்பிள்ளையின் புறநானூற்று உரைக்கு இருக்கிற மூன்று படிகள் போதவில்லையாம்.