இரண்டு வயதின் ஆட்சேபணை

பனியன் வாங்கப் போகும் தாத்தாவுக்குத் தன் அளவு தெரியும். 85 அல்லது 90 என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கல்யாண மாப்பிள்ளையை நிற்கவைத்துத் தையற்காரர் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இஞ்ச் டேப் பிடிப்பார். இரண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் அளவு என்பது அம்மாவின் இரண்டு கைகளுக்கு இடைப்பட்ட தூரம்தான். "இவ்வளவு உசரம் இருப்பான். வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க." தில்லி காந்தி நகர் மொத்தக் கடைகளில் இந்தியிலும், ஹௌரா செவ்வாய்ச் சந்தையில் வங்காளியிலும், தி. நகரில் தமிழிலும் தினமும் ஒலிக்கும் வாக்கியம் இது. மொழிவாரி மாநிலங்களாகப் பிரிந்த தேசம் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறது.

ஒத்துழைக்க மறுப்பது அந்தக் குழந்தை மட்டும்தான். புதுச் சட்டையை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. அல்லது தொப்புளுக்கு மேல் ஏறிப்போன, சாயம் வெளுத்த ஒரு பழைய டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. "கண்ணா, கையைக் குடு ராஜா" என்று பாட்டி கெஞ்சுகிறார். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அம்மா கத்துகிறார். குழந்தையின் சட்டை அளவு என்ன என்று கேட்டால் கையை அந்தரத்தில் வைத்துக் காட்டும் அப்பா, "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பிடிவாதம் என்று குடும்பமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. குழந்தையின் ஆட்சேபணையில் நியாயம் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டும். இந்த வயது உடலின் கணக்கே வேறு. இரண்டு வயதில் குழந்தையின் உயரம், வளர்ந்தபின் எட்டப்போகும் உயரத்தில் ஏறத்தாழப் பாதி. ஆனால் தலையின் சுற்றளவு சுமார் 48 செ.மீ.; பெரியவர்களுக்கே அது 55 செ.மீ. சொச்சம்தான். அதாவது உடல் பாதி, தலை முக்கால் பங்குக்கும் மேல். மார்பின் சுற்றளவும் தலையின் சுற்றளவும் இந்த வயதில் கிட்டத்தட்ட ஒன்று. பெரியவரின் சட்டையை அப்படியே சுருக்கித் தைத்தால் தோள் பொருந்தும், தலை நுழையாது. காதை மடக்கி, மூக்கைத் தேய்த்து, சில விநாடிகள் முகத்தை இருட்டாக்கிவிட்டு இறங்கும் கழுத்துப் பட்டியை எந்த மனிதர்தான் விரும்புவார்? போதாக்குறைக்கு முன்தள்ளிய வயிறு; அதற்குக் கீழே டயப்பர். நின்றுகொண்டிருக்கும்போது சரியாக இருக்கும் கால்சட்டை, உட்கார்ந்ததும் இடுப்பைக் கவ்வுகிறது. அதைச் சொல்ல வார்த்தை வராத குழந்தை, அழுகிறது.

'ஒரு சைஸ் பெரிசு' என்ற சிக்கனமும் கணக்கில் தோற்கிறது. பிறந்த முதல் வருடத்தில் குழந்தை 25 செ.மீ. வளர்கிறது. இரண்டாவது வருடத்தில் அது சுமார் 12 செ.மீ. ஆகக் குறைகிறது. மூன்றாவது வருடத்தில் 8 அல்லது 9 செ.மீ.; எடை கூடுவது ஏறத்தாழ 2 கிலோ. முதல் வருட வேகத்தைப் பார்த்து பழகிப்போன பெற்றோர் அதே வேகத்தை மனதில் வைத்து வாங்குகிறார்கள். இரண்டு சைஸ் பெரிதாக எடுத்த தீபாவளிச் சட்டை பொருந்துவதற்குள் அது சாயம் போய்விடுகிறது, அல்லது பொத்தான் போய்விடுகிறது. அதுவரை குழந்தை மடித்துவிட்ட கையோடும், தரையைக் கூட்டும் கால்சட்டையோடும் தடுக்கித் தடுக்கி நடக்கிறது. நடை பழகிக்கொண்டிருக்கும் கால்களுக்கு இது சின்ன இடைஞ்சல் அல்ல.

எல்லாப் பழியையும் பெற்றோர் மீது போடுவதற்கில்லை. கடையில் அவர்களுக்குக் கிடைக்கும் தகவலே அரைகுறை. காலரில் '2 வயது' என்று ஒரு சீட்டு. எந்த இரண்டு வயது? உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்காக ஆறு நாடுகளின் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். அவர்களில் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு. அதன்படி ஆரோக்கியமான இரண்டு வயதுப் பையனின் உயரம் 81 செ.மீ. ஆகவும் இருக்கலாம், 93 செ.மீ. ஆகவும் இருக்கலாம். இந்த இருவருக்கும் ஒரே சீட்டு. இதோடு ஒரு கம்பெனியின் '18-24 மாதம்' இன்னொரு கம்பெனியின் '12-18 மாத'த்தைவிடச் சின்னதாக இருக்கும் விசித்திரமும் சேர்ந்துகொள்கிறது. பழைய பாணிக் கடைகளில் இன்னும் 18, 20, 22 என்று இஞ்ச் கணக்கு ஓடுகிறது. ஐரோப்பாவில் குழந்தை உடைகளுக்கு உயரமே அளவு. 92 என்றால் 92 செ.மீ. உயரக் குழந்தைக்கு என்று பொருள். அந்த எண் பொறித்த உடைகள் திருப்பூரில் தைக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. தைக்கும் ஊரில் உள்ள குழந்தை, 'ரெண்டு வயசுக்குக் குடுங்க' கணக்கில்தான் உடுத்துகிறது.

தைக்கும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1856இல் அரசைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் வந்து தங்கியபோது அவரோடு லக்னோ தையற்காரர்களும் வந்தார்கள். அந்தப் பகுதி இன்று குழந்தைகள் உடைக்குப் பேர்போன மொத்தச் சந்தை. லூதியானா நாட்டுக்கே ஸ்வெட்டர் பின்னுகிறது. இல்லாதது பொதுவான அளவுப் பட்டியல்தான். இந்திய உடலுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் தயாரிக்க நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. இலக்கு 25,000 பேர். முப்பரிமாண ஸ்கேனர், ஆறு நகரங்கள் எல்லாம் உண்டு. ஆனால் வயது வரம்பு 15 முதல் 65 வரை. மிக வேகமாக அளவு மாறும் வயதினர் அந்த வரிசையில் நிற்கவே இல்லை.

ஆகவே வீட்டு அளவு நாடாதான் துணை. குழந்தையின் உயரம், மார்பு, இடுப்பு, தலைச் சுற்று ஆகிய நான்கு எண்களைக் கைபேசியில் குறித்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் போதும். எடை அளவு விதிகளில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாக்கெட்டில் அடைக்காமல் விற்கும் உடையிலும் எஸ், எம், எல் போன்ற குறியோடு செ.மீ. கணக்கும் தரவேண்டும். சீட்டில் அதைத் தேடுவது வாங்குபவரின் உரிமை. அது இல்லாவிட்டால், வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைப் பையில் எடுத்துப்போய்ப் புதியதன் மேல் விரித்து அளவு பார்க்கலாம். கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்ப்பது அவசியம். அது நன்றாக விரிய வேண்டும், அல்லது தோளில் பிரஸ் பட்டன் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், தினமும் காலையில் ஒரு சண்டைக்கு அச்சாரம்.

அளவு சரியானபின்னும் அழுகை நிற்காவிட்டால் துணியைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தில் குத்தும் சீட்டு, அக்குளில் தடித்த தையல், இறுகிய எலாஸ்டிக், புதுத் துணியின் கஞ்சி மொடமொடப்பு, பட்டுப் பாவாடையில் உள்பக்கம் சுரண்டும் ஜரிகை. பெரியவர்கள் உணராததைக் குழந்தைத் தோல் உணர்கிறது. பிறந்த குழந்தைக்குப் பழைய துணியைப் போடும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. திருஷ்டி, சாஸ்திரம் என்று காரணம் சொன்னாலும், பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பருத்தியின் சுகத்தை அந்தப் பாட்டிகள் அறிந்திருந்தார்கள். அதே தர்க்கம் இரண்டு வயதுக்கும் பொருந்தும். புதுச் சட்டையை இரண்டு தடவை துவைத்து, சீட்டை அடியோடு வெட்டி, குழந்தையின் கையில் கொடுத்து ஒருநாள் விளையாட விட்டால் அது அந்நியத் துணியாக இருக்காது. விடாமல் பிடித்துக்கொள்ளும் பழைய டி-ஷர்ட்டுக்கும் மருந்து உண்டு. அது கிழிவதற்கு முன்பே, அதே நிறத்தில், அதே மாதிரியில் அடுத்த அளவை வாங்கித் துவைத்து அலமாரியில் வைத்துவிடுவது.

மூன்றாவது காரணம் வளர்ச்சி. குழந்தைகள் உடுத்தக் கற்பதற்கு முன் அவிழ்க்கக் கற்கிறார்கள். ஒன்றரை வயதில் சாக்ஸை உருவி எறிவது குறும்பு மட்டுமல்ல, திறமையும்கூட. பொத்தான் போட மூன்று, நான்கு வயதாகிறது. நடுவில் உள்ள காலம் முழுக்க 'நானே' என்ற ஆசைக்கும் முடியாத விரல்களுக்கும் நடக்கும் போராட்டம். இந்தச் சமயத்தில் "சட்டை போட்டுக்கலாமா?" என்று கேட்பதைவிடப் பெரிய தவறு இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் 'மாட்டேன்'. "சிவப்பா, நீலமா?" என்று கேட்டால் குழந்தை தேர்ந்தெடுக்கும் மும்முரத்தில் மறுப்பதை மறந்துவிடுகிறது. இரண்டுக்கு மேல் நீட்டக்கூடாது. முழு அலமாரியைத் திறந்துவிட்டால் ஆபீஸ் போனமாதிரிதான். முந்தைய இரவே தேர்தலை முடித்துவிடுவது உத்தமம். தலையையும் ஒரு கையையும் அம்மா நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பைக் குழந்தைக்கு விட்டுவைத்தால் வேலை முடிந்த பெருமை அதற்குச் சேரும். பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் இந்த யோசனைகள் எதுவும் பலிக்காது. கையில் கைபேசியைக் கொடுத்து மயக்கிச் சட்டை மாட்டுவது அன்றைக்குப் பலிக்கும். மறுநாள் கைபேசி இல்லாமல் கை நுழையாது.

எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே கூடாது என்பதில் தெளிவு வேண்டும். நிறம் பொருந்தவில்லை, பைஜாமாவோடு காய்கறிக் கடைக்கு வருகிறது, பட்டுப் பாவாடையைப் போட்டோ எடுத்ததும் கழற்ற வேண்டுமாம். இவற்றில் தோற்றுப்போவதால் குடும்ப கௌரவம் குறையாது. ஆனால் தீபாவளியன்று அகல் விளக்கின் அருகில் தொளதொள நைலான் கவுன் கூடாது. எளிதில் தீப்பிடிப்பதோடு செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கழுத்தருகே இழுத்துக் கட்டும் கயிறு சறுக்குமரத்திலோ கட்டிலிலோ மாட்டினால் மூச்சை நெரிக்கும். ஆடும் பொத்தான் வாய்க்குள் போகும். இந்த இடங்களில் பெரியவர் சொல்வதே முடிவு.

வட இந்தியக் குளிர் தனி அத்தியாயம். தெற்கிலிருந்து போன குடும்பங்கள் தில்லி டிசம்பரைக் கண்டு பயந்து பனியன், சட்டை, இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் என்று குழந்தையை மூட்டையாகக் கட்டுகின்றன. கை மடங்காமல் நிற்கும் அந்தக் குழந்தை குல்லாயைப் பிடுங்கி எறிவதில் ஆச்சரியமில்லை. பெரியவர் அணிவதைவிட ஒரு அடுக்கு கூடுதல் என்பது பொதுவான கணக்கு. விரல்கள் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றுவதே நியாயம்.

சில சமயம் உடைச் சண்டை வேறொன்றின் அடையாளமாகவும் இருக்கும். எந்தத் துணியையுமே தாங்க முடியாமல், தலைவாருதல், பல் துலக்குதல், சில உணவுகளின் தொடுஉணர்வு எல்லாவற்றுக்கும் அலறி, கூடவே பேச்சும் தாமதமாகி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிந்து உதவ மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. சீட்டுக் குத்துகிறது என்று அழும் குழந்தைகள் எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் பிடிவாதம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கவும் கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு சந்தோஷமும் ஆபத்தானது. போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்கும் அப்படியே பொருந்துகிறது என்றால் பல வீடுகளில் அதைச் சிக்கனத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு வருடத்தில் 8 செ.மீ. கூட வேண்டிய வயதில் சட்டை மாறவில்லை என்றால் குழந்தை வளரவில்லை என்றும் பொருள் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வயதைப் போட்டு விற்கும் சட்டை அவர்களுக்கு எப்போதும் தொளதொளப்பாகவே இருக்கும். 'சின்ன உடம்பு, அப்பா மாதிரி' என்று சமாதானம் சொல்லப்படும். தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிக் கோடு அச்சாகியிருக்கிறது. அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். அளவு நாடாவைச் சட்டைக்காக எடுத்த கையோடு, அந்த எண்ணை அட்டையிலும் குறித்துவிடலாம். கோடு மேலே போகாமல் படுத்துக் கிடந்தால், துணிக்கடைக்குப் போவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.