மெலிவதற்குப் பட்டினி எதற்கு?

சென்ற வருடம் எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்றில் ஒரு மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "என்ன மகள், உம்மாவை விடப் பெருத்திட்டாய்?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சஹனில் வைத்த சோற்றை அளைந்துகொண்டிருந்தேனே தவிர, வாயில் வைக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் முதல் காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். உம்மா கட்டித் தந்த இடியப்பப் பார்சல் தோழிக்குப் போனது. மத்தியானம் இரண்டு பிஸ்கட்டும் ஒரு பிளேன்ரீயும். இரவில் "ரியூசனிலே சாப்பிட்டிட்டன்" என்று ஒரு பொய். போதாததற்கு, கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, சேர்த்து வைத்த பெருநாள் காசில் 'மெலிய வைக்கும் தேயிலை' ஒன்றையும் வாங்கினேன். மூன்றாம் கிழமை, இரசாயனவியல் செய்முறையின்போது அளவியிலிருந்து விழும் துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்தது, நான் நிலத்தில் கிடந்ததும் ஆசிரியை முகத்தில் தண்ணீர் தெளித்ததும்தான்.

இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.8 என்று வந்தது. எங்கள் வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே அது குருதிச்சோகை. மூன்று கிழமைப் பட்டினியால் மட்டும் இப்படி ஆகாது என்று வைத்தியர் சொன்னார். இரும்புச்சத்து பல மாதங்களாகவே குறைந்து வந்திருக்கிறது. பட்டினி அதை வெளியே கொண்டுவந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதில்லாமல் சாப்பாடே முடிந்ததாகக் கணக்கில்லை. தேயிலையில் உள்ள தனின், உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை, குடித்தால் உடம்பு வைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, கைக்குட்டையில் சுற்றி எறிந்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டில் அதிகம் கோபப்பட்டவர் உம்மம்மாதான். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, கைக்குழந்தையாக இருந்த என் உம்மாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் அவர். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலுக்குள் நிவாரண அரிசியை அளந்து அளந்து சமைத்த கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தத் தேயிலைப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பசிய நாங்க தேடிப் போகல்ல, அது எங்களத் தேடி வந்திச்சு. நீ காசு குடுத்து வாங்கிறியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நிறை குறைய வேண்டும் என்று நினைத்ததை நான் தவறென்று இப்போதும் சொல்லமாட்டேன். வாப்பாவுக்கு நீரிழிவு, வாப்பும்மாவுக்கும் இருந்தது. என் நிறையும் வயதுக்குரியதை விடச் சற்றுக் கூடத்தான் என்று வைத்தியர் அட்டவணையில் குறித்துக் காட்டினார். (வளர்ந்தவர்களுக்கான உடற்திணிவுச் சுட்டியை நாங்கள் கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்து அழுவது வீண்வேலை. 19 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வயதை வைத்துப் பார்க்கும் தனி அட்டவணை வைத்திருக்கிறது.) நான் பிடித்த வழிதான் பிழை.

அது ஏன் பிழை என்பதை 1945இலேயே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 கிழமைகள் அரைப்பட்டினி போட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. அவர்கள் தங்கள் நிறையில் காற்பங்கை இழந்தார்கள். கூடவே படியேறும் பலத்தையும், கவனத்தையும், பொறுமையையும் இழந்தார்கள். எந்நேரமும் குளிர்ந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு; சிலர் சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டே இருந்தார்களாம். பட்டினி முடிந்த பின்னும் எவ்வளவு சாப்பிட்டாலும் பலருக்கு நிறைவு வரவில்லை. நான் அந்த மூன்று கிழமையில் 1,570 கலோரிக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கமாட்டேன். உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமே உள்ள மூளைக்கு, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதம் தேவை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒருத்தி அந்தக் கணக்கில் கைவைத்தால், குறைவது இடுப்பல்ல, புள்ளிகள்.

நான் பெரியபிள்ளையானபோது இதே வீட்டில் நாட்டு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியுமாகத் தந்து, "வடிவாச் சாப்பிடு, இடுப்புக்குப் பலம் வேணும்" என்றார்கள். நான்கு வருடம் கழித்து, கலியாண வீடுகளில் என் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லோரும் மௌனமானார்கள். பெற்றோர்களே, அந்த மௌனமும் எங்களுக்குக் கேட்கிறது. "பெருத்திட்டாள்" என்று பிறர் சொல்லும்போது, "அவள் படிக்கிற பிள்ளை, சாப்பிடட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களால் முடியும்.

இப்போது நான் முன்பைவிட அதிக தடவை சாப்பிடுகிறேன். காலையில் குரக்கன் புட்டு அல்லது சிவப்பரிசி இடியப்பம், அதோடு முட்டையோ அவித்த பயறோ கட்டாயம். வெறும் பாணும் ஜாமும் சாப்பிட்டால் பத்து மணிக்கே கண் சொருகும். புரதம் இருந்தால் இடைவேளை தாண்டியும் தெம்பு நிற்கிறது. மத்தியானம் கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, மிச்சத்தில் மீன். 2022இல் ஏறிய விலைக்குப் பிறகு பெரிய மீன் எங்களுக்கு எப்போதாவதுதான். சூடையும் கீரிமீனும் நெத்தலியும் போதும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். வேலிக்குள் நிற்கும் முருங்கை மரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை.

உண்மையில் குறைக்க வேண்டியிருந்தது சோற்றை அல்ல, சீனியை. ஒரு தேத்தண்ணிக்கு மூன்று தேக்கரண்டி வீதம் நாளுக்கு நான்கு தேத்தண்ணி குடித்தேன், பன்னிரண்டு தேக்கரண்டி! உலக சுகாதார நிறுவனம் ஆறளவில் நிறுத்துவது நல்லது என்கிறது. ரியூசனுக்குப் போகும் வழியில் வாங்கும் மென்பானப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் குடித்துவிட்டு இரவுச் சோற்றை மறுப்பவர்கள்தான் நாங்கள். நோன்பு காலத்திலும் இதே கதை. சஹரை விட்டால் மெலியலாம் என்று நினைத்து, இப்தாரில் ரோல்ஸும் சர்பத்துமாக இரண்டு மடங்கு சேர்த்துவிடுகிறோம். நோன்பு எடை குறைக்கும் திட்டமல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டியதில்லை.

சாப்பாட்டை மட்டும் பேசினால் போதாது. பின்னேரங்களில் நாநாமார் பந்தடிக்கப் போகிறார்கள். நாங்கள் காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை கதிரையில். மாலையில் பாடசாலை முற்றத்தை மாணவிகளுக்கும் உம்மாமாருக்கும் ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டால், அதைச் சுற்றி நடக்க எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. பழைய மாணவிகள் சங்கமும் பெற்றோரும் இதைக் கேட்டு எழுதலாம். அதுவரை நானும் உம்மாவும் சுபஹுத் தொழுதபின் வீட்டு மொட்டைமாடியில் அரை மணித்தியாலம் நடக்கிறோம். உம்மாவுக்கு என்னைவிட வேகம் அதிகம்.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. குளிசையோடு ஈமோகுளோபின் 11.4க்கு ஏறிவிட்டது. முந்தியதைவிடப் பிந்தியதைத்தான் வாப்பா எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். மாமியின் இளைய மகளுக்கும் கலியாணம் பேசியிருக்கிறார்களாம். அந்தச் சஹனில் எனக்குரிய பங்கை இந்தமுறை நான் விட்டுவைக்கப் போவதில்லை.