மழை இடித்த கோயிலும் மணியில் இருந்த ஆண்டும்



போன ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் என் அத்தையை அழைத்துக்கொண்டு தமிழ்நாடு போய் வந்தேன். எங்கள் தாத்தாவின் ஊர் புதுக்கோட்டைச் சீமையில் கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அத்தை பிறந்தது இங்கே செரண்டாவில்தான். ஆனாலும் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கு அவர் அம்மா நேர்ந்துகொண்ட வேண்டுதல் ஒன்று தீராமல் கிடந்ததாம். "அம்மா கடனை மக தீர்க்கணும்டா வாத்தியாரே, நான் போறதுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிடு" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேண்டுதல் நல்லபடி முடிந்தது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அம்மன் கோயிலில் அர்ச்சனை முடிந்து அத்தை நிழலில் கால் நீட்டிக்கொண்ட பிறகு, "மலை மேல ஒரு பழைய கோயில் இருக்கு, பார்த்துட்டு வாங்க" என்று உறவுக்காரர் ஒருவர் என்னை அனுப்பிவைத்தார். அந்தக் கோயிலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நார்த்தாமலை என்பது ஒரே மலையல்ல. ஒன்பது மொட்டைப் பாறைக் குன்றுகள். அனுமார் தூக்கிக்கொண்டு போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகள் இவை என்று ஊரார் கதை சொல்கிறார்கள். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பது படித்தவர்கள் கூற்று. இங்கே நகரத்தார் என்றால் பழங்கால வணிகர் கூட்டம். ஊரின் நிர்வாகமே ஒரு காலத்தில் அவர்கள் கையில் இருந்தது. இந்தக் குன்றுகளில் ஒன்றான மேலமலையின் சரிவில், வெறும் பாறைமேல், மேற்கே பார்த்து நிற்கிறது விசயாலய சோழீசுவரம். சுமார் 1,100 ஆண்டுக்கு முந்திய சிவன் கோயில்.

நம்மூரில் கோயில் என்றால் வானவில்லில் உள்ள வண்ணமெல்லாம் கோபுரத்தில் இருக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். பாறையின் நிறம் எதுவோ அதுதான் கோயிலின் நிறம். சுவரில் அடுக்கடுக்காகச் சிலைகள் இல்லை. மெல்லிய அரைத்தூண்கள் மட்டும். கூரை விளிம்புக்குக் கீழே குட்டிப் பூதகணங்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு சிரிக்கின்றன. எங்கள் பள்ளியின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் குழுப்படம் எடுக்க உட்கார்ந்தது போலவே எனக்குத் தோன்றியது.

உள்ளேதான் அதிசயம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் சதுரம். உள்ளே கருவறையோ வட்டம். சதுரச் சுவருக்கும் வட்டச் சுவருக்கும் நடுவே சுற்றிவர ஒரு வழி. இப்படி இரட்டைச் சுவர் எழுப்பியதால்தான் மேலே நிற்கும் விமானத்தின் பாரம் பங்காகி இறங்குகிறது. அந்த விமானத்திலும் இதே கணக்கு. கீழ்நிலைகள் சதுரமாகச் சுருங்கிக்கொண்டே போய், கடைசி நிலை வட்டமாகி, அதன்மேல் உருண்டைச் சிகரம் அமர்கிறது. சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடிக்க எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்! ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குச் சுற்றளவு சொல்லிக்கொடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

பெரிய கோயிலைச் சுற்றிலும் சின்னக் கோயில்கள். எட்டு இருந்தனவாம். ஆறு நிற்கின்றன. எதிரே உள்ள பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத்துக்கும் மேலான 12 திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கின்றன. முதலில் சமணர் குகையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலான இடம் அது. மற்றது பழியிலி ஈசுவரம் என்னும் சின்னஞ்சிறு சிவன் குகை. பல்லவ அரசன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் நடுவில், சாத்தன் பழியிலி என்னும் முத்தரையர் குலத் தலைவன் குடைந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. அவன் மகள் சிறியநங்கையின் பெயரும் அதில் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர், 1,100 ஆண்டுகளாகக் கல்லில்!

இனி என்னை உட்காரவைத்த விசயத்துக்கு வருகிறேன். பெரிய கோயிலின் பெயரில் விசயாலய சோழன் இருக்கிறான். தஞ்சையில் சோழர் ஆட்சியை மீண்டும் நிறுவியவன் அவன். ஆனால் வாசலில் நிற்கும் துவாரபாலகர் ஒருவரின் அடியில் உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த கோயில் இது; மழையால் இடிந்து அழிந்தது; மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதிரையன் அதைப் புதுப்பித்தான். இவ்வளவுதான் செய்தி. கோயில் சோழனுடையதா, முத்தரையருடையதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும். எனக்குப் பிடித்தது அந்த மழைதான். மொட்டைப் பாறையின் சரிவில் அடித்துப் பெய்யும் மழை எப்படி இறங்கி வரும் என்று நினைத்துப் பாருங்கள். கோயில் விழுந்தது என்று எழுத அவர்கள் வெட்கப்படவில்லை. முதலில் கட்டியவன் பெயரை மறைக்கவும் இல்லை. இடிந்ததை எடுத்துக் கட்டியவன் முன்னவன் பெயரை எழுதிவிட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறான்.

1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்து அச்சிட்டது. ஆகவே கல் தேய்ந்தாலும் செய்தி தேயாது. சீமையிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு ஒரு கல் தேவாலயம். அதில் ஒரு பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1538இல் உத்தரவே போட்டார்கள். நம் தோட்டங்களுக்கு வந்த துரைமார், தங்கள் கொள்ளுப் பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக்கூட ஊர்த் தேவாலயத்துப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். நம் தாத்தாக்கள் பெயர் செக்ரோலில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறந்த தோட்டம் சில ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்டது. பால் மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. இப்போது செம்பனையும் போய் வீடுகள் வரப்போகின்றன. மாரியம்மன் கோயிலை எடுத்துவிடச் சொன்னார்கள். பேச்சுவார்த்தைக்குப் போன தலைவர்களிடம் வாங்கிய நிறுவனத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "கோயில் கட்டி எத்தனை வருடம்?" ஒருவர் 60 என்றார். ஒருவர் 80 என்றார். பின்னால் நின்ற பெரியவர் 100 என்று சத்தமாகச் சொன்னார். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

அன்று இரவு கோயிலில் இருந்த ஒவ்வொரு பொருளையும் இறக்கிப் பார்த்தோம். குழல் விளக்கில் பெயர் இருக்கிறது. அண்டாவில் இருக்கிறது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று பேர் உபயம்! எல்லாம் நேற்றுப் பொருள்கள். கடைசியில் மணியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தோம். கரிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியிலிருந்து, "தொழிலாளர் உபயம் 1936" என்று எழுத்து வந்தது. அதை வார்க்கக் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மணியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனோம். கேட்ட நிலத்தில் பாதி கிடைத்தது.

மணி இல்லாத இடங்களில் என்ன நடக்கும்? கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து எஸ்டேட்டில், நார்த்தாமலைக் கோயிலைப் போலவே 1,000 ஆண்டு கடந்த சண்டி ஒன்று இருந்தது. மேம்பாட்டு வேலைக்காக அதை இடித்துவிட்ட செய்தி 2013இல் வெளிவந்து நாடே பேசியது. அங்கே அகழாய்வு செய்தவர்கள் அதற்கு எண் கொடுத்திருந்தார்கள். எண் இருந்தும் அந்தக் கதி.

கோயிலைப் புது இடத்தில் கட்டத் தொடங்கியிருக்கிறோம். வாசல் பக்கச் சுவரில் ஒரு கல் பதிக்க வேண்டும் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். "யார் அதிகம் கொடுத்தாங்களோ அவங்க பேரு மேல வரணும் சார்" என்றார் ஒருவர். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஆத்தா சம்பளத்துல மாசா மாசம் காசு பிடிச்சுத்தானே பழைய கோயிலக் கட்டினாங்க? அவ பேரு எங்க வரும்?" என்று கேட்டார். கூட்டம் பேசாமல் இருந்தது.

ஆகவே கல்லில் முதல் வரி பழைய கோயிலுக்கு என்று முடிவாயிற்று. தகரக் கொட்டகையாக இருந்தது, சிமெண்டுச் சுவரானது, தோட்டம் விற்றபோது எடுக்கப்பட்டது, எல்லாம் எழுதப்படும். பணம் பிடிக்கப்பட்டவர்களின் பெயர்களை நான் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் சேர்த்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு ரவாங், பத்தாங்காலி என்று சிதறிப்போன குடும்பங்களைத் தேடிப் போகிறோம். இதுவரை 47 பெயர்கள். ஒன்பது பேருக்குப் பட்டப் பெயர்தான் கிடைத்திருக்கிறது. "குதிரைக்காரர்" என்று ஒருவர். அவருடைய பேரனுக்கே தாத்தாவின் உண்மைப் பெயர் தெரியவில்லை. அப்படியே எழுதிவிடலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், அப்படித்தான் ஊரே கூப்பிட்டுச்சு" என்றார் பேரன்.

உங்கள் தோட்டத்துக் கோயில் மணியை இறக்கிப் பார்த்தால் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். புளி மறக்க வேண்டாம்.