கிரகம் பிடித்த பிள்ளையும் கிரகத்தைப் பிடித்த பிள்ளையும்

நமது நாட்டில் ஒரு பிள்ளைக்காக ஊரைக் கூட்டி விருந்து போடவேண்டுமானால் அதற்கு என்ன காரணம் வேண்டும்? காது குத்தினால் போடலாம். மொட்டை அடித்தால் போடலாம். பூணூல் மாட்டினால் போடலாம். பெண் ருதுவானால் போடலாம். கல்யாணமென்றால் கேட்கவே வேண்டியதில்லை. இவற்றில் எதற்காவது அப்பிள்ளை தன் மூளையைக் கொண்டு ஏதேனும் ஒரு காரியம் செய்திருக்க வேண்டுமென்கின்ற நிபந்தனை உண்டா? கிடையாது. காது இருந்தால் போதும். தலையில் மயிர் முளைத்திருந்தால் போதும்.

அமெரிக்காவில் வேறொரு விதமான விருந்து நடக்கின்றது. 1942-ம் ஆண்டு முதற்கொண்டு அந்நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு விஞ்ஞானத் திறமைப் போட்டி ஒன்று நடத்தப்பட்டு வருகின்றது. ஆண்டுதோறும் 40 பேர் பொறுக்கி எடுக்கப்பட்டு வாஷிங்டன் நகருக்கு அழைக்கப்படுகின்றார்கள். அவர்கள் தாங்கள் செய்த ஆராய்ச்சியைப் பெரிய விஞ்ஞானிகளுக்கு எதிரே நின்று விளக்கிச் சொல்லுகின்றார்கள். முடிவில் ஒரு விருந்து நடத்திப் பரிசு வழங்குகின்றார்கள். இப்போது முதல் பரிசு 2,50,000 டாலர். இந்தப் போட்டியில் தேறிய பிள்ளைகளில் பத்துக்கு மேற்பட்டவர்கள் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியிருக்கின்றார்கள்.

பணத்தைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சின்னஞ்சிறு கிரகங்கள் லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றி வருகின்றன. 1801-ல் இவற்றில் முதலாவதைக் கண்டுபிடித்த பியாஸி என்பவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரி. அவர் தமது மதத்தின் வழக்கப்படிகூட அல்லாமல் பழைய ரோமாபுரித் தேவதையின் பெயரை எடுத்து அதற்கு ‘சீரிஸ்’ என்று வைத்தார். அந்தக் காலம் போய்விட்டது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆராய்ச்சிச்சாலையார் தாங்கள் கண்டுபிடித்த சிறு கிரகங்களுக்கு 2001 முதல் இத்தகைய போட்டிகளில் தேறிய மாணவர்களின் பெயரையும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த உபாத்தியாயர்களின் பெயரையும் வைக்க ஏற்பாடு செய்தார்கள். தேவதை இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடத்துப் பையனும் வாத்தியாரும் உட்கார்ந்திருக்கின்றார்கள்.

நமது நாட்டிலோ பையன் பெயரைக் கிரகத்திற்கு வைப்பதற்குப் பதிலாக, கிரகத்தைக் கொண்டுவந்து பையன் தலைமேல் வைக்கின்றோம். பரீக்ஷையில் தவறினால் “ஏழரை நாட்டுச் சனி” என்கின்றோம். இந்த ஏழரை எங்கிருந்து வந்தது? சனிக் கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகின்றது. வான வட்டத்தைப் பன்னிரண்டு பங்காகப் போட்டால் ஒரு பங்கைக் கடக்கச் சுமார் 2½ ஆண்டு. மூன்று பங்கைக் கடக்க 7½ ஆண்டு. இவ்வளவுதான் விஷயம். கணக்கு வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. பயம் மட்டும் ஜோசியர் சேர்த்த சரக்கு. ராகு கேது என்பவை பொருள்களே அல்ல. சந்திரனுடைய பாதையும் சூரியன் செல்லுவதாக நமக்குத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளுகின்ற இரண்டு இடங்களே அவை. இல்லாத பாம்புக்கும் பால் வார்க்கின்றோம்.

அந்தச் சனியினிடம் 1997-ல் புறப்பட்ட காசினி என்கின்ற விண்கலம் 2004-ல் போய்ச் சேர்ந்து, 2017 வரை அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. அதிலிருந்து பிரிந்த ஹைகன்ஸ் என்னும் மற்றொரு கலம் 2005-ல் சனியின் டைட்டான் என்கின்ற சந்திரனில் இறங்கியது. பதின்மூன்று ஆண்டு சனியைச் சுற்றிய யந்திரத்தை எந்தத் தோஷமும் பிடித்ததாகத் தெரியவில்லை. மாணவர் விருந்தில் ஒரு விஞ்ஞானி எழுந்து இந்தக் கிரக ஆராய்ச்சியைப் பற்றி அரைமணி நேரம் பேசினால், கேட்ட பிள்ளை வீட்டுக்கு எதைக் கொண்டு போகும்? நமது கோயிலில் நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிய பிள்ளை எதைக் கொண்டு போகும்? வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

செவ்வாயின் கதை இதைவிட வேதனையானது. 2003-ல் செவ்வாய்க்கு அனுப்ப இருந்த இரண்டு யந்திரங்களுக்குப் பெயர் வைக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வெற்றி பெற்றது ஒன்பது வயதுப் பெண் குழந்தை. சைபீரியாவில் பிறந்து, அனாதை விடுதியில் இருந்து, ஓர் அமெரிக்கக் குடும்பத்தார் எடுத்து வளர்த்த குழந்தை அது. ஊக்கம் என்று பொருள்படும் ‘ஸ்பிரிட்’, வாய்ப்பு என்று பொருள்படும் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்கின்ற இரண்டு பெயர்களும் அக்குழந்தை கொடுத்தவையாகும். 90 நாள் உழைத்தால் போதுமென்று அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி, 2004 ஜனவரி முதல் 2018 ஜூன் வரையில் உழைத்து, செவ்வாய் மண்ணில் 45 கிலோ மீட்டர் ஓடிற்று.

அக்குழந்தை நமது நாட்டில் பிறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “பெற்றவர்களை விழுங்கிய ஜாதகம்” என்று சொல்லியிருக்கமாட்டோமா? வயது வந்தபின் “ஏழில் செவ்வாய், எட்டில் செவ்வாய்” என்று சொல்லி வீட்டு மூலையில் உட்கார வைத்திருக்கமாட்டோமா? எத்தனை பெண்கள் இந்தப் பித்தலாட்டத்தினால் வாழ்வு கெட்டு நிற்கின்றார்கள்! ஒரு நாட்டுப் பெண் செவ்வாய்க்குப் போகும் வண்டிக்குப் பெயர் வைக்கின்றாள். மற்றொரு நாட்டுப் பெண்ணுக்குச் செவ்வாயே விலங்காகின்றது.

“ஏன், நமது நாடும் அனுப்பவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். அனுப்பியது உண்மைதான். 2014-ல் மங்கள்யான் செவ்வாயை அடைந்தது. 2023-ல் சந்திரயான்–3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் நமது விழுப்புரத்தில் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர் என்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் அது கிளம்புவதற்கு முன் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வைத்து வணங்கினார்களே, அது யாருக்குப் பெருமை? கணக்குப் போட்டவன் மனிதன், திருகாணி முடுக்கியவன் மனிதன்; புகழில் மட்டும் பங்கு கேட்க ஏழுமலையானா?

நிற்க, மாணவர் விருந்து என்றவுடன் நமக்கு மற்றொரு பந்தியும் நினைவிற்கு வருகின்றது. தேசியக் கல்வியின் பெயரால் பொதுப் பணம் வாங்கி நடத்தப்பட்ட சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்று வைத்திருந்தார்கள். 1924, 1925-ம் ஆண்டுகளில் பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளப்பிய கிளர்ச்சி நமது இயக்கம் பிறந்ததற்கு ஒரு காரணமாகும். அப்பிள்ளைகள் மேல் நமக்குக் கோபமில்லை. இலை போட்ட பெரியவர்கள் மேல்தான் கோபம். சோற்றில் பிரித்து வைத்த பிள்ளைகளை அறிவில் எப்படி ஒன்றாக வளர்க்க முடியும்? தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த பள்ளிக்கூடச் சோற்றை என் பிள்ளை தின்னாது என்று சொன்ன பெற்றோர் இந்த நூற்றாண்டிலும் நம்மிடையே இருந்தார்களென்றால், சேரன்மாதேவி இன்னும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

அமெரிக்காவில் மூடநம்பிக்கையே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. அங்கும் ராசிபலன் அச்சடிக்கும் பத்திரிகைகள் உண்டு. அங்கும் தோலின் நிறத்தைக் காட்டி மனிதனை ஒதுக்கிய கொடுமை உண்டு. கொள்ளவேண்டியதைக் கொண்டு, தள்ளவேண்டியதைத் தள்ளுவதுதான் பகுத்தறிவு. நாம் கொள்ளவேண்டியது அந்த விருந்தை.

ஆகையால் தோழர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். சனிப் பெயர்ச்சிக்கும் தோஷ பரிகாரத்திற்கும் கொட்டும் பணத்தை இவ்வாண்டு நிறுத்தி, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொந்தமாக ஒரு சோதனை செய்து காட்டிய பிள்ளைகளுக்கு ஒரு விருந்து போடுங்கள். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரட்டும். சமைத்தவர்களும் அதே வரிசையில் உட்காரட்டும். பெண் பிள்ளைகளுக்கு முதல் இலை போடுங்கள். விஞ்ஞான உபாத்தியாயர் ஒருவரைக் கிரகங்களைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பிறகு சனி தெரியும் காலமாயிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். அதன் வளையத்தைப் பார்க்கச் சிறிய தொலைநோக்கியே போதும். ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கச் செய்யுங்கள்.

அந்த வளையத்தை ஒருமுறை தன் கண்ணால் கண்ட பிள்ளையைச் சனியின் பெயரைச் சொல்லி மிரட்ட எந்த ஜோசியராலும் முடியாது.