கொக்கி கழன்றால் குற்றவாளி டிரைவரா?

ஒரு தோட்டத்தில் நடந்த சம்பவம் இது. கட்டிப்பால் ஏற்றிய டிரெய்லர் மேட்டு நிரையிலிருந்து ஸ்டோருக்கு இறங்கும்போது, இழுத்து வந்த பிக்கப் வண்டியை விட்டுக் கழன்று கானுக்குள் பாய்ந்தது. வாளியோடு நடந்து வந்த பால்வெட்டுப் பெண்கள் இருவர் ஒதுங்கிக் குதித்ததால் உயிர் பிழைத்தார்கள். மறுநாள் டிரைவருக்கு எச்சரிக்கைக் கடிதம். அதில் "கவனக்குறைவு" என்ற சொல்லை டைப் செய்தவர்கள் ஆபீஸ் கிராணிகளாகிய நாம்தான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

பிய்ந்து வந்தது கொக்கி மட்டுமன்று. அதைத் தாங்கிய தகடும் கூடவே வந்தது. காரணம், அதை வண்டியின் சட்டத்தில் பூட்டவேயில்லை. பின்புறப் பம்பரில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்புச் சாயம் பூசி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பம்பரோ மெல்லிய தகடு. பாரம் இழுப்பது அதன் வேலையன்று.

இழுவைக் கொக்கியை, வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களிலும், வண்டியைச் செய்தவர் குறித்த இடத்தில், குறித்த தரமுள்ள போல்ட்டுகளால் பூட்ட வேண்டும். 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டு கேட்டிருக்க, கடையில் கிடைத்ததைப் போடுவது மோசம். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடலாகாது. பாரத்தின் வலிப்பு அங்கேதான் அதிகம். சற்றுத் தூரம் ஓட்டிய பின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். கொக்கி 1,500 கிலோ தாங்கினாலும் வண்டி 1,000 கிலோதான் இழுக்கலாம் என்றால், 1,000 தான் கணக்கு. காப்புச் சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டப்பட வேண்டும். அந்த டிரெய்லரில் சங்கிலியே கிடையாது!

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பத்திரமான சாதனமும் பராமரிப்பும் முதலாளியின் கடமை என்கிறது. பொருத்திக் கொடுப்பவருக்கும் 20-ஆவது பிரிவில் பொறுப்பு உண்டு. 2022-இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது; கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். தொழிலாளிக்கும் 24-ஆவது பிரிவில் கடமை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. காலையில் வண்டி எடுக்குமுன் டிரைவர் கொக்கியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சாயத்துக்கு அடியில் மறைந்த வெல்டிங்கைக் காணும் கண் அவருக்கு எங்கிருந்து வரும்?

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. "கொக்கி ஆடுகிறது" என்று அவர் மண்டோரிடம் இருமுறை சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதோடு சரி, எழுத்து இல்லை. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பி, அதைச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளத் திருத்தப்பட்ட சட்டம் உரிமை தருகிறது. சொன்னதற்குச் சாட்சி வேண்டாமா? டிரைவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதிவைக்க ஒரு புத்தகம் போடுவது கிராணிகளுக்குப் பெரிய காரியமல்ல. நாம் இதுவரை போடவில்லை.

பட்டறைக்காரரின் பில் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. அந்த மலிவான வேலைக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டவர் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் வாபஸ் ஆகும் வரை, கிளைச் செயலாளர் அந்தப் பில்லைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.