முதலில் அறிய வேண்டியவர் யார்?

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை நெருங்கிய வேளையில் எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு வெளியே ஓடினர். உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது அமோனியா என்பதோ, எந்தத் திசையில் ஓடினால் தப்பலாம் என்பதோ அவர்களில் பலருக்குத் தெரியாது. காற்றில் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்பைக் கடந்து 2,090 மைக்ரோகிராம் அமோனியா பதிவானதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் அறிவித்தது. தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவர்களுக்குக் கிடைக்காத எண் அது.

கசிவுக்கு யார் பொறுப்பு என்பதை ஆராயத் தீர்ப்பாயமும் வல்லுநர் குழுவும் உண்டு. என் கேள்வி வேறு. ஆபத்தின் அருகில் வாழ்பவருக்கு அதைப் பற்றிய தகவலைக் கொண்டுசேர்ப்பது யார் கடமை? அரசும் ஆலையுமே முதலில் பொறுப்பு. அவை தவறும்போது அந்தச் சுமை மனித உரிமை அமைப்புகளின் தோளில் இறங்குகிறது. அங்கோ, தகவல் தொடர்பு என்பது அறிக்கை அச்சிடுவதும் செய்தியாளரை அழைப்பதுமான துணைவேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. உரிமைப் பணியின் மையமே அதுதான் என்பது என் வாதம்.

வள்ளூரில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். அங்கே 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம். அருகே வட சென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம். தெற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. மின்சாரம் மாநிலத்துக்குப் போகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களில் தங்கிவிடுகிறது. ஒருவர் பயனடைய இன்னொருவர் செலவைச் சுமப்பதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. இதனுடன் தகவல் சமமின்மையும் சேர்ந்துகொள்கிறது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாவிட்டால் சந்தை பழுதுபடும் என்பதை ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் பழைய கார்களை உதாரணம் காட்டி விளக்கினார். கார் வாங்க வந்தவர் ஐயம் எழுந்தால் பேரத்திலிருந்து விலகிவிடலாம். சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் வசிப்பவர் மூச்சு விடுவதிலிருந்து விலக முடியாது.

இந்தச் சமமின்மை தற்செயலானது என்று சொல்வதற்கில்லை. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது, எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்றே முதல் அதிகாரபூர்வ அறிவிப்பு கூறியது. சில நாட்களில் தன்னார்வலர்களும் மீனவர்களும் கரையில் கருஞ்சேற்றை வாளிகளில் அள்ளிக்கொண்டிருந்தனர். அதே ஆண்டு இன்னொன்றும் வெளிப்பட்டது. மத்திய அரசு 1996இல் ஒப்புதல் அளித்த கரையோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 1997ஆம் ஆண்டுக்குரியதாகக் காட்டப்பட்ட மற்றொரு வரைபடத்திலோ அந்தக் கழிமுகமே காணப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டு, பெற்ற தாள்களை ஒப்பிட்டு, மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் இதை வெளிக்கொணர்ந்தனர். கழிமுகத்தைக் காக்க நடந்த போராட்டத்தில் கோஷங்களுக்குச் சற்றும் குறையாத பங்கு இந்தக் காகித வேலைக்கு உண்டு.

இப்பணிக்கு நம் நாட்டில் இரு நல்ல முன்னோடிகள் உள்ளன. 1984இல் டெல்லியில் சீக்கியருக்கு எதிரான வன்முறை நடந்த சில நாட்களிலேயே இரு உரிமை அமைப்புகள் நேரில் விசாரித்து, 'குற்றவாளிகள் யார்?' என்ற சிறுநூலை வெளியிட்டன. கேட்டறிந்ததைச் சரிபார்த்துத் துணிந்து சொல்வதற்கு அது இலக்கணம். 1994 முதல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணைகளில் ஊராட்சிக் கணக்குகள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. பட்டியலில் பெயர் இருந்தவரே எழுந்து, அந்தக் கூலி தமக்கு வரவில்லை என்றார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்த விசாரணைகளே விதை.

முதல் மரபை நம் அமைப்புகள் ஓரளவு காத்துவருகின்றன. இரண்டாவதில்தான் பின்தங்கிவிட்டோம். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, நகரத்தில் வெளியிடப்படுகிறது, நீதிமன்றத்துக்கும் நிதி வழங்குவோருக்கும் போகிறது. ரத்த மாதிரியும் வாக்குமூலமும் தந்த ஊருக்கு அதன் தமிழ்ச் சுருக்கம்கூட எப்போதும் திரும்பி வருவதில்லை. சாம்பலை அளந்தவரும் மக்களிடம் எடுத்துக்கொண்டு போகிறவராகிவிட்டால், ஆலைக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். சாட்சி சொன்னவரில் பலர் அதே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பர். அவர் பெயரை எப்போது சொல்வது, எப்போது மறைப்பது என்று முடிவெடுப்பதும் இப்பணியின் பகுதியே.

இதற்கிடையே சட்டமும் குறுகிவிட்டது. தனிநபர் விவரமானாலும் பொதுநலன் பெரிதெனில் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு முன்பு அனுமதித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை நீக்கியது. 8(2) பிரிவில் பொதுநலன் வாசல் இன்னும் திறந்திருப்பது உண்மை. ஆயினும், வரைபடத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று இனிக் கேட்பவருக்கு 'தனிப்பட்ட விவரம்' என்று பதில் எழுதி அனுப்புவது எளிதாகிவிட்டது.

மறுக்கப்படும் தகவலை மேல்முறையீட்டில் வென்றெடுக்கும் திறனையும், கிடைத்ததை ஊர் மொழியில் சொல்லும் திறனையும் அமைப்புகள் ஒருசேர வளர்க்க வேண்டும். ஒவ்வோர் அறிக்கையும் செய்தியாளர் சந்திப்புக்கு முன்பாக, அது எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரில் தமிழில் படிக்கப்படட்டும். தவறிருந்தால் ஊரார் திருத்தட்டும். அன்றாடக் காற்று அளவு வள்ளூர் சந்திப்பில் ஒரு பலகையில் தமிழில் எழுதப்படவும், கசிவு நேர்ந்தால் ஒலிக்க ஊருக்கொரு சங்கு வைக்கப்படவும் அரசையும் ஆலைகளையும் அவர்கள் வற்புறுத்தட்டும். அடுத்த கசிவின்போது பெரியகுப்பத்துக் குழந்தைக்கும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.