அறியாமலே கற்கும் மூளை

மனித மூளை செய்யும் வேலைகளில் பல, அந்த மனிதருக்கே தெரியாமல் நடைபெறுகின்றன. காலணிக் கயிற்றைக் கட்டும்போது எந்த விரலை முதலில் மடக்க வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. மிதிவண்டி ஓட்டுபவர் உடலை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கணக்குப் போடுவதில்லை. தமிழைச் சரளமாகப் பேசுபவர், ‘அவன்’ என்று தொடங்கினால் ‘வந்தான்’ என்றும், ‘அவள்’ என்று தொடங்கினால் ‘வந்தாள்’ என்றும் தயக்கமின்றி முடிக்கிறார். அப்போது இலக்கண விதி அவர் நினைவுக்கு வருவதே இல்லை. ஒன்றை உணர்ந்து, எண்ணிச் செய்யும் நிலையை ‘நனவு’ என்பர். எண்ணாமலே மூளை செயல்படும் நிலையை ‘நனவிலி’ என்பர்.

நனவிலி நிலையில் நடக்கும் செயல்களுக்கு மனிதர் பொறுப்பாவாரா? படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர், பாதியில் கைப்பேசியை எடுக்கிறார். ஏன் என்று கேட்டால், “எடுக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது,” என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும், அது முழு உண்மையும் அன்று. மூளை எவ்வாறு பழகுகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும்.

அமெரிக்கரான ஹென்றி மொலேசன் கடுமையான வலிப்பு நோயால் துன்புற்றவர். 1953ஆம் ஆண்டில், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, நோயைக் கட்டுப்படுத்த மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அறுவைச் சிகிச்சை செய்தார். மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றலை மொலேசன் இழந்தார். சற்று முன்பு தம்மிடம் பேசியவரைக்கூட, புதியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கனடாவில் பணியாற்றிய உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தாளில் இரட்டைக் கோடுகளால் ஒரு நட்சத்திரம் வரையப்பட்டிருந்தது. அவ்விரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். ஆனால், கையையும் தாளையும் நேராகப் பார்க்கக்கூடாது. கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டுமே பார்க்கலாம். முதல் நாளில் மொலேசன் பல பிழைகள் செய்தார். மூன்றாம் நாளிலோ, அவருடைய கோடு ஏறக்குறைய பிழையின்றி அமைந்தது. ஆனால், அப்பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. அவர் மறந்ததை அவருடைய கை மறக்கவில்லை.

நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பதற்கு ஹிப்போகேம்பஸ் தேவை. செயல்திறன்களைப் பழகுவதற்கோ சிறுமூளை முதலிய வேறு பகுதிகள் துணைபுரிகின்றன என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின. அதாவது, ஒன்றை அறிந்துகொள்வது வேறு. ஒன்றைப் பழகிக்கொள்வது வேறு. இலக்கணத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறும் மாணவர் சிலர், தமிழில் நான்கு வாக்கியம் பேசத் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். அவர்கள் விதியை அறிந்திருக்கிறார்கள். ஆனால், நாவுக்கும் செவிக்கும் போதிய பழக்கம் கொடுக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே பழகுகிறது. அது நல்லதா, கெட்டதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ‘ழ’கரத்தைச் சரியாக ஒலித்தால் அது பழகும், தவறாக ஒலித்து வந்தால் அத்தவறும் பழகும். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கைப்பேசியைத் தொட்டவரின் கை, ஓய்வில்லாத நேரத்திலும் அதைத் தேடும். கை போன அந்த நொடியில் அவர் முடிவு எடுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், அந்தப் பாதையைப் போட்டது அவருடைய முந்தைய நாள்கள்தாம். ஆகவே, “தானாக நடந்தது” என்பது காரணமாகலாம். பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சாக்காக முடியாது.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது பழமொழி. படிந்துவிட்ட பழக்கத்தை மாற்ற இயலாது என்று சிலர் இதை மேற்கோள் காட்டுவர். பழக்கம் வலிமையானது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், மொலேசன் அப்பயிற்சியைக் கற்றபோது குழந்தை அல்லர், வளர்ந்த மனிதர். பெரியவரான பின்னும் மூளை புதியதைப் பழகும் என்பதற்கு அவரே சான்று.

எல்லாவற்றையும் பழக்கத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்பதும் சரியன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. அதனால், சாலையைக் கடப்பவர் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியிருக்கிறார். அவரே, வாகனங்கள் வலப்பக்கம் செல்லும் அமெரிக்காவில் சாலையோரம் நின்றால், தலை வழக்கம்போல் வலப்பக்கமே திரும்பும். வாகனமோ இடப்பக்கத்திலிருந்து வரும். சூழல் மாறும்போது, நின்று எண்ணிப் பார்க்கும் நனவு நிலையே அவரைக் காக்கும்.

எனவே, நனவு, நனவிலி ஆகிய இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. எதைப் பழக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், பழகியதில் பிழை உண்டா என்று பார்ப்பதும் நனவின் கடமை. மன உறுதியை மட்டும் நம்பியிராமல், படிக்கும் நேரத்தில் கைப்பேசியை வேறோர் அறையில் வைப்பது அத்தகைய ஒரு தேர்வு. நாள்தோறும் பத்து நிமிடம் தமிழில் உரையாடுவதும் ஒரு தேர்வுதான். முதலில் இவை முயற்சியாகத் தோன்றும். நாளடைவில் மூளை அவற்றைத் தன் வேலையாக ஏற்றுக்கொள்ளும். நாளை எண்ணாமலே செய்யப்போவதை, மாணவர்கள் இன்று எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும்.